மதில் இல்லாத கோட்டை

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கியதும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி: "சேர், கோட்டை எங்கே?"

நியாயமான கேள்விதான். போர்த்துக்கேயர் கட்டியதை 1656இல் ஒல்லாந்தர் பிடித்துப் பலப்படுத்தினார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நகரம் பெருக மதில் இடைஞ்சலானது. 1869 அளவில் அவர்களே இடிக்கத் தொடங்கினார்கள். மதில் போனாலும் உள்ளே கோட்டை, வெளியே புறக்கோட்டை என்ற பெயர்கள் போகவில்லை.

பிள்ளைகளுக்கு நாம் காட்டுவது ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியும், ஒரு காலம் வெளிச்சவீடாகவும் இருந்த மணிக்கூட்டுக் கோபுரமும்தான். அத்துடன் நிறுத்தினால், கொழும்பின் கதையே வெள்ளைக்காரனோடுதான் ஆரம்பம் என்று நினைத்துவிடுவார்கள். போர்த்துக்கேயர் வருவதற்கு நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் முன்பே, 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, இத்தீவின் பெரிய, அழகிய நகரங்களில் ஒன்று எனக் கொழும்பைக் குறித்து வைத்திருக்கிறார். இதையும் நாம்தானே சொல்லிக் கொடுக்க வேண்டும்?

அடுத்த தடவை புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளியில் தொழுதுவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்து மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடப்போம். மதிலைக் காட்ட முடியாது. புறக்கோட்டையிலிருந்து கோட்டைக்குள் நுழைகிறோம் என்றாவது சொல்லலாம்.