விண்டோஸ் 10 ஆதரவு நிறைவு: பழைய செயலிகள் கைவிடப்படுவது ஏன்?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அதன் தொடக்க ஆண்டுகளில் மாணவர்கள் பெற்ற மடிக்கணினி இன்றும் நன்றாக இயங்கினாலும், அதற்கு விண்டோஸ் 11 இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்குவதில்லை. காரணம் பழுது அன்று, செயலியின் வயது.

தகுதிகள் என்ன?

2021 அக்டோபர் 5-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசை முதலான செயலிகளையே ஏற்கிறது. இன்டெல் 8-ஆம் தலைமுறை 2017-இல்தான் சந்தைக்கு வந்தது. கடவுக்குறியீடுகளைப் பாதுகாக்கும் டிபிஎம் 2.0 என்னும் வன்பொருள் வசதியும் கட்டாயம். பழைய செயலிகளில் பாதுகாப்பு வசதிகள் குறைவு என்பது நிறுவனத்தின் விளக்கம். ஒவ்வொரு பழைய செயலியிலும் சோதித்துப் பராமரிப்பதற்குச் செலவும் கூடும்.

பாதிப்பு என்ன?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிவடைந்தது. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் சரிசெய்யப்படாது. அத்தகைய கணினியில் வங்கிப் பரிவர்த்தனை செய்வது ஆபத்தானது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்யும் தனிநபர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் அளிக்கப்பட்டது.

பிற நிறுவனங்களும் இதே பாதையில் செல்கின்றன. இன்டெல் செயலி கொண்ட மேக் கணினிகளுக்கு 'டஹோ' பதிப்பே கடைசி என ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்தது. லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியனும், அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில், 32-பிட் கணினிகளுக்கான நிறுவல் வசதியைக் கைவிட்டது.

மாற்று வழி

கணினியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் செயலியின் பெயரைக் காணலாம். ஐ5-7200யு என்றிருந்தால் அது 7-ஆம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் 8-ஆம் தலைமுறை. தகுதியற்றதாயினும், 64-பிட் செயலியாக இருந்தால் லினக்ஸ் இயங்குதளத்தை இலவசமாக நிறுவலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அவற்றுள் ஒன்று. நிறுவும் முன் கோப்புகளை வேறிடத்தில் சேமித்துக்கொள்வது அவசியம்.

பயன்படாத கணினியைக் குப்பையில் வீசாமல், வன்தட்டிலுள்ள தரவுகளை முற்றிலும் அழித்தபின், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும்.