அம்பின் வால்: எந்தப் பறவையின் இறகு?

ஒருத்தர் ஒரு விஷயத்தைத் துருவித் துருவிப் பார்த்தா, "புங்கானுபுங்கமா ஆராயறார்"னு வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அது வில்வித்தையிலிருந்து வந்த சொல். புங்கம்னா அம்பின் பின்பக்கம், இறகு கட்டுற இடம். ஒரு அம்பின் புங்கத்தை ஒட்டியே அடுத்த அம்பு, அதை ஒட்டி இன்னொன்று என்று இடைவெளி இல்லாமல் பாய்வதுதான் புங்கானுபுங்கம். இன்னைக்கு அந்த வாலைப் பத்திதான் பேசப் போறோம்.

அம்பத்தூர் பேருலயே அம்பு இருக்கேன்னு ஆரம்பிச்சிடாதீங்க. ஐம்பத்தோராவது ஊர்னு பேர் வந்ததா உள்ளூர்ல ஒரு கதை உண்டு, அவ்வளவுதான். ஆனா நம்ம பக்கத்துல பழைய ஆயுதங்களுக்குப் பஞ்சமில்லை. ஆவடியைத் தாண்டி வடமேற்கே போனா அத்திரம்பாக்கம், 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அது அம்பு பிறப்பதற்கு ரொம்ப முந்தின காலம். அம்புமுனை பார்க்கணும்னா ஆதிச்சநல்லூருக்கு வரணும். அங்கே அலெக்சாண்டர் ரீ 1899-லிருந்து தோண்டி எடுத்த இரும்புப் பொருள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. முனை மட்டும்தான் மிச்சம். மூங்கில் போச்சு, நாண் போச்சு, இறகும் போச்சு. இறகு நம்ம நகம், முடி மாதிரிப் பொருள். நம்ம ஊர் ஈரத்துலயும் பூச்சியிலயும் நிக்காது.

அப்ப இறகைப் பத்தி எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஏட்டுலதான்.

வசிஷ்டர் பேரில் வழங்கும் தனுர்வேத சம்ஹிதை என்ற சமஸ்கிருத நூல் அம்புக்கு ஏற்ற பறவைகளைப் பட்டியல் போடுது. காகம், அன்னம், மயில், கழுகு, மீன் தின்னும் பருந்து வகைகள், கிரௌஞ்சம். ஒரு அம்புக்கு நான்கு இறகு. ஒவ்வொன்றும் 6 விரற்கடை நீளம், அதாவது ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். சார்ங்கம் என்ற கொம்பு வில்லின் அம்புக்கு மட்டும் 10 விரற்கடை. நரம்பு நூலால் இறுகக் கட்டணும். இன்னைக்கு வில்வித்தைக் கடையில நாலு, அஞ்சு இன்ச் இறகுதான் அதிகம் விற்குது. கணக்கு பெரிசா மாறலை.

மகாபாரதப் போர்க்களத்தில் இன்னொரு சொல் திரும்பத் திரும்ப வரும்: கங்கபத்திரம். கங்கப் பறவையின் இறகு கட்டிய அம்பு. எது அந்தக் கங்கம்? சமஸ்கிருத அகராதி நாரைங்குது, தமிழ் அகராதி பருந்துங்குது. (விராடன் அரண்மனையில் தருமர் ஒளிஞ்சிருந்தப்ப வச்சுக்கிட்ட பேரும் கங்கன்தான்.) என் கணக்குல இது பெரிய குழப்பமே இல்லை. நாரை, பருந்து ரெண்டுக்கும் சிறகில் நீளமான, விறைப்பான இறகு உண்டு. அம்பு செய்றவருக்கு அதுதான் வேணும்.

ஏன் விறைப்பு? இறகில்லாத அம்பு காத்துல தலைகீழாப் புரளும். பின்னால் இறகு காற்றை இழுத்துப் பிடிக்கிறதால முனை முன்னாலயே நிக்குது. சிறகு இறகுக்கு இயற்கையா ஒரு வளைவு இருக்கு. அதனால அம்பு சுழன்றுக்கிட்டே போகும். இடது சிறகு இறகு ஒரு பக்கம் சுழற்றும், வலது சிறகு மறுபக்கம். ஒரே அம்பில் ரெண்டையும் கலந்தா ஒண்ணை ஒண்ணு எதிர்த்து அம்பு தடுமாறும். அதனால எந்தப் பறவைங்கறதுக்கு அடுத்த கேள்வி, எந்தப் பக்கம்ங்கறது. இன்னொரு வசதி: அம்பு வில்லை உரசிக்கிட்டு வெளியேறும்போது இறகு படுத்து எழுந்திடும். பிளாஸ்டிக் வால் அங்கே முட்டி அம்பைத் திருப்பிவிடும். மரவில் பிடிக்கிறவங்க இன்னைக்கும் இறகை விடாததுக்கு இதுதான் காரணம்.

பட்டியலில் மயில் இருக்கு பாருங்க, அதுதான் சுவாரசியம். இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் 1545-ல் எழுதிய 'டாக்ஸோஃபிலஸ்' என்ற வில்வித்தை நூல் மயிலிறகைக் கிண்டலே பண்ணுது: கனம், முரடு, அழகுக்காக எடுத்தவங்க பயனில்லைன்னு கீழே வச்சுட்டாங்கன்னு. அவருக்கு கூஸ் வாத்துதான் உயர்வு. எனக்குத் தோணுறது, மயிலில் எந்த இறகுன்னு கேட்கணும். கண் வரைஞ்ச தோகையைக் கையில எடுத்துப் பாருங்க, இழை இழையாப் பிரிஞ்சு தொங்கும். காற்றைப் பிடிக்கவே பிடிக்காது. சிறகு இறகில் இழைகள் கொக்கி போட்ட மாதிரி ஒட்டி நிக்கும். பிரிஞ்சாலும் விரலால் நீவினா திரும்பச் சேரும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கு. உள்நாட்டு வணிகத்தில் விலக்கு இருக்கிறது வால் இறகுக்கு மட்டும். அம்புக்கு உதவாததைத்தான் வாங்கலாம்.

கழுகின் கதை இன்னும் மோசம். அந்த நூல் புகழும் பாறு கழுகு ஒரு காலத்தில் ஊர் ஊரா இருந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ன கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வெண்முதுகுப் பாறு 1990-களில் தொடங்கி நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் அழிஞ்சது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-ல் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இப்ப அதைப் பார்க்கணும்னா நீலகிரியின் மாயாறு பக்கம்தான் போகணும்.

நாரை நம்ம பருத்திப்பட்டு ஏரியிலயும் செம்பரம்பாக்கத்திலயும் நிக்குது. பார்க்க மட்டும்தான், காட்டுப் பறவையின் இறகைச் சேர்க்கிறது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

மிச்சம் இருக்கிறது வளர்ப்புப் பறவை. உலகம் முழுக்க இறகு அம்பு செய்றவங்க இன்னைக்கு நம்பி இருக்கிறது வான்கோழியை. அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை, எந்தத் தனுர்வேதத்திலும் இருக்க வழியில்லை. ஆனா தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நந்தனம் வான்கோழின்னு நம்ம ஊருக்கே ரகம் உருவாக்கியிருக்கு; கறிக்காக வளர்க்கிறது, சிறகு குப்பைக்குப் போகுது. பண்ணையில கேட்டுப் பாருங்க. சிறகின் நுனிப் பக்கத்து நீள இறகுகளை மட்டும் எடுத்து, இடதை ஒரு பையிலயும் வலதை ஒரு பையிலயும் தனித்தனியா வைக்கச் சொல்லுங்க. கலந்துட்டா வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா வளைவு பார்த்துப் பிரிக்கணும்.