ஒரு கேள்விக்குறி

தந்தி என்றாலே அடிவயிறு கலங்கிய காலம் ஒன்று உண்டு. தந்திச் சேவகன் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் போதும். உறையைப் பிரிப்பதற்கு முன்பே உள்ளே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். நம் நாட்டில் தந்தி 2013-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. ஆனால், எங்கோ தூரதேசத்தில், யார் வீட்டுக்கோ வந்த ஒரு தந்தி என் மனத்தை விட்டு இன்னும் போகவில்லை.

1918 நவம்பர் 11. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊர். நாலு வருஷம் உலகத்தை உலுக்கிய மகாயுத்தம் அன்று காலை பதினோரு மணிக்கு ஓய்ந்தது. மாதாகோயில் மணிகள் விடாமல் முழங்கின. அந்த மணியோசைக்கு நடுவே, ரயில்வே உத்தியோகஸ்தர் டாம் ஓவன் வீட்டுக்குத் தந்தி வந்தது. மூத்த மகன் வில்ஃப்ரெட் நவம்பர் 4-ஆம் தேதி போர்முனையில் மாண்டுவிட்டான். வயது 25.

இன்னும் ஒரு வாரம்! ஒரே ஒரு வாரம் தாண்டியிருந்தால் பிள்ளை வீடு திரும்பியிருப்பான். நான் ஒரு கதையை இப்படி முடித்தால், "இதை யார் நம்புவார்கள்?" என்று பத்திராதிபர் திருப்பி அனுப்பிவிடுவார். விதிக்கு அந்தப் பயம் கிடையாது.

வில்ஃப்ரெட் ஓவன் ஒரு கவிஞன். 1915-ல் பட்டாளத்தில் சேர்ந்தான். 1917-ல் பிரான்ஸின் சேற்றிலும் குண்டுகளுக்கு நடுவிலும் கிடந்து மனம் பேதலித்துப் போய், எடின்பரோவுக்கு அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். அங்கே ஸீக்ஃப்ரீட் ஸாஸூன் என்ற மூத்த கவிஞரின் சிநேகம் கிடைத்தது. போரின் பெருமையைப் பாடுவதை விட்டு, போரின் பரிதாபத்தைப் பாடினான். உயிரோடிருந்தபோது அச்சில் வந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

உடம்பு தேறியதும், 1918-ல் மறுபடியும் பிரான்ஸுக்கே போனான். தன் கீழே இருந்த பையன்களை நல்லபடி நடத்திச் செல்ல வேண்டும். அவர்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்து, அவர்களுக்காக வக்கீலைப் போலப் பேச வேண்டும் — இதற்காகவே வந்தேன் என்று தாய்க்கு எழுதினான். அவன் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை தாய் ஸூஸனுக்கு எழுதியவைதாம். கடைசிக் கடிதம் அக்டோபர் 31-ஆம் தேதியிட்டது. ஒரு காட்டிலாகாக்காரர் வீட்டு நிலவறையில், புகை கண்ணைக் கரிக்க, தோழர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியது. தாயைப் பயமுறுத்தாமல் எழுதவே அதில் முயன்றிருக்கிறான். நாலாம் நாள் விடியற்காலையில், ஓர் என்ற கிராமத்தின் அருகே கால்வாயைக் கடக்க முயன்ற தன் ஆட்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தபோது குண்டு பாய்ந்தது.

இனி வருவதுதான் நமக்கு நெருக்கமான பகுதி.

1920-ல் ஸூஸன் அம்மாள் ஒரு கடிதம் எழுதினாள். யாருக்கு? நம் ரவீந்திரநாத தாகூருக்கு! கடைசி முறையாக விடைபெற்ற அன்று தாயும் மகனும் கடலைப் பார்த்தபடி நின்றார்களாம். அப்போது மகன் கீதாஞ்சலியிலிருந்து சில வரிகளைச் சொன்னான். உலகத்தை விட்டுப் போகிறவன் மனநிறைவோடு சொல்லும் பிரிவு வார்த்தைகள் அவை. பிறகு அவனுடைய சட்டைப்பைக் குறிப்புப் புத்தகம் வீடு வந்து சேர்ந்தது. பிரித்தால், அதே வரிகள் அவன் கையெழுத்தில். கீழே தாகூரின் பெயர். அந்தப் பாட்டு முழுவதும் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தயவு செய்து தெரிவிக்க முடியுமா என்று கேட்டிருந்தாள், பாவம்.

அவள் சரியான ஆளிடம்தான் கேட்டாள். 1902-ல் மனைவியையும், 1903-ல் ஒரு மகளையும், 1907-ல் இளைய மகனையும் பறிகொடுத்தவர் தாகூர். கீதாஞ்சலி அதற்குப் பிறகு பிறந்த புத்தகம்.

ஓர் கிராமத்து மயானத்தில் மகனுக்குக் கல் நாட்டினார்கள். கல்லில் பொறிக்கக் குடும்பத்தார் சில வார்த்தைகள் கொடுக்கலாம். தாய் மகனுடைய பாட்டு ஒன்றிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். மாண்டவர் உடலுக்கு உயிர் திரும்புமா, சாவையெல்லாம் அது அழித்துவிடுமா என்று கேட்கும் பாட்டு அது. மகன் கேள்வியாகத்தான் கேட்டான். பதிலும் அவனே எழுதியிருக்கிறான்: முதுமையைக் கேட்டாலும் பூமியைக் கேட்டாலும் நம்பிக்கை தரும் சொல் வரவில்லை. தாயோ, வரியை நடுவிலே நிறுத்தி, கடைசிக் கேள்விக்குறிக்கு முன்பே முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள். மகனுடைய சந்தேகம் கல்லில் ஏறியபோது சத்தியவாக்காகிவிட்டது!

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதுகிறவனுக்கு அவன் வைத்த புள்ளியும் சொந்தம். அதைத் திருத்த யாருக்கு உரிமை? பெற்றவளானால் மட்டும் ஆயிற்றா? தன் மனச்சாட்சிக்காகப் பொய் சொல்ல மறுத்த பிள்ளையின் வாயில், செத்த பிறகு வேறு வார்த்தையைப் போடலாமா?

இப்போது அந்தக் கோபம் பாதி தணிந்திருக்கிறது. அவள் பாட்டைத் திருத்த உட்காரவில்லை. பிள்ளை எழுதிய கடிதம் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டுப் பழகிய கை அது. அவன் கடைசியாகக் கேட்ட கேள்விக்கும் தனக்குத் தெரிந்த பதிலைப் போட்டுவிட்டது. தபாலுக்குப் பதில் கல் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அவனை அறியமாட்டார்கள். 1920-ல் ஸாஸூன் முன்னுரையோடு வெளிவந்த புத்தகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கே அந்தக் கேள்விக்குறி அவன் வைத்த இடத்திலேயே இருக்கிறது. யுத்தத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.