நாய்க்கு முற்றம், மனிதருக்கு அயல்

கொழும்பில் வீடு தேடும் தமிழர் முதலில் விசாரிப்பது வாடகையை அன்று, அயலை. அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள், கோயில் எவ்வளவு தூரம், பொலிஸ் நிலையம் எந்தப் பக்கம், ஏதாவது நடந்தால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விடலாம் என்பனவற்றைக் கேட்டறிந்த பின்னரே குளியலறையும் சமையலறையும் பார்க்கப்படும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ‘வீடு வாடகைக்கு’ என்ற சிறு விளம்பரப் பத்தியை நான் ஒரு வரலாற்று ஆவணமாகவே வாசித்து வந்திருக்கிறேன். யார் விரும்பத்தக்கவர், யாருக்கு வீடில்லை என்பதை இரண்டு வரிகளில் அது சொல்லிவிடும்.

அந்தப் பத்தியில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு கேள்வி உண்டு. தரகரிடம் எல்லாம் பேசி முடித்து, முற்பணமும் ஒத்துக்கொண்ட பின்னர், சற்றுத் தயக்கத்துடன் கேட்கப்படும் கேள்வி அது: “ஒரு நாயும் இருக்குது, பரவாயில்லையோ?”

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொழும்புத் தமிழர் குடியிருப்புகளின் வரலாற்றைப் பார்த்தால், அரசியல் நூல்களில் அகப்படாத சில விடயங்கள் அகப்படுகின்றன.

கொட்டாஞ்சேனையிலிருந்து தொடங்குவோம். துறைமுகத்தை ஒட்டிய வடகொழும்பு அது. ஜம்பட்டா வீதி, பொன்னம்பலவாணேசுவரர் கோயில், புனித லூசியாள் பேராலயம் என்று சைவமும் கத்தோலிக்கமும் நெருங்கி வாழும் இடம். ஒட்டினாற்போல வீடுகள், வாசற்படி இறங்கினால் வீதி. அங்கே பூனை வளர்க்கலாம், கூண்டில் கிளி வளர்க்கலாம். நாய் என்றால் அது வீதிக்குப் பொதுவான நாயாகத்தான் இருக்கும். ஒருவருடையதுமல்ல, எல்லோருடைய மிச்சச் சோற்றிலும் வளர்வது.

வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்களின் கதை வேறு. 1905இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதை முழுமையடைந்த பிறகு எழுதுவினைஞர்களின் வரவு பெருகியது. அவர்கள் தனியாகவே வந்தார்கள். பலர் சேர்ந்து வீடெடுத்து, சமையற்காரர் ஒருவரை வைத்து உண்டு உறங்கிய ‘சமறி’ வாழ்க்கை அது. மனைவியும் பிள்ளைகளும், பசுவும் நாயும் ஊரில். சமறிக்கு அயலும் தேவையில்லை, முற்றமும் தேவையில்லை. ரயில் நிலையமும் கந்தோரும் கிட்டவாக இருந்தாற் போதும். குடும்பங்கள் கொழும்புக்கு வரத் தொடங்கியபோதுதான் வெள்ளவத்தை எழுந்தது. இராமகிருஷ்ண மிஷன், சைவ மங்கையர் கழகத்தின் பாடசாலை, சந்தை, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஓடும் ஒழுங்கைகள். அக்கால வெள்ளவத்தையில் வளவுள்ள வீடுகள் இருந்தன. வளவு இருந்தால் மாமரமும் படலையும் இருக்கும். படலை இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு நாயும் இருக்கும். வைரவரின் வாகனமல்லவா! யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டுக்கு அது வெறும் காவல் மிருகமன்று.

வெள்ளவத்தை முடிகிற இடத்தில் கொழும்பு மாநகரமும் முடிகிறது. அதற்கு அப்பால் தெஹிவளை. தெஹிவளை - கல்கிசைக்குத் தனியான மாநகர சபை 1959இல் அமைந்தது. இன்று காலி வீதியில் போகிறவருக்கு எல்லை எதுவும் தெரியாது. ஆனால் வாடகையில் தெரியும், வளவின் அகலத்தில் தெரியும், அயலின் சேர்க்கையிலும் தெரியும். சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர், தமிழர் எல்லோரும் கலந்து வாழ்ந்த பகுதி அது. நெதிமாலையில் விஷ்ணு கோயில் இருந்தபோதிலும், வெள்ளவத்தையைப் போல ஒரே ஒழுங்கையில் பத்துத் தமிழ் வீடுகளை அங்கே எதிர்பார்க்க முடியாது.

உயிரினங்களோடு குடியேறுவதற்குத் தெஹிவளையைத் தேர்ந்தெடுத்தவர்களில் புகழ்பெற்றவர் ஒரு ஜெர்மானியர். விலங்கு வியாபாரத்துக்கு உலகப் பெயர் பெற்ற ஹம்பர்க் ஹாகன்பெக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக், 1920களின் பிற்பகுதியில் இங்கே தமது விலங்குச் சேகரிப்பை நிறுவினார். துறைமுகத்துக்கு எட்டிய தூரம், ஆனால் நகர நெரிசல் இல்லை. பின்னாளில் தமிழ்க் குடும்பங்கள் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய இவைதாம். அவருடைய நிறுவனம் நொடித்தபின் 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. அதுவே இன்றைய மிருகக்காட்சிச்சாலை. ஹாகன்பெக்கின் முடிவு கவனத்துக்குரியது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அவர் ‘எதிரி நாட்டவர்’ ஆனார். 1940இல் கொழும்பில் தடுப்புக்காவலில் இறந்தார். அவர் கொண்டுவந்த விலங்குகளுக்குத் தெஹிவளை பாதுகாப்பாக இருந்தது, அவருக்கு இருக்கவில்லை.

1958 மே மாதமும் 1977 ஓகஸ்டும் கொழும்புத் தமிழரை உலுக்கின. ஆயினும் அலை ஓய்ந்ததும் பெரும்பாலானோர் பழைய முகவரிக்கே திரும்பினர். கணக்கு அடியோடு மாறியது 1983 ஜூலையில். திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரின் உடல்கள் ஜூலை 24ஆம் திகதி கனத்தை மயானத்துக்குக் கொண்டுவரப்படவிருந்த இரவில் பொரளையில் தொடங்கிய வன்செயல், மறுநாள் காலையில் காலி வீதி முழுவதும் பரவியது. வந்தவர்கள் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. தமிழர் செறிந்த வெள்ளவத்தையும் எரிந்தது. தமிழர் சிதறி வாழ்ந்த தெஹிவளையும் எரிந்தது. கொழும்பில் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் கூடக்குறையப் பலர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் அகதிகளாயினர். பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தனர்.

அகதி முகாமுக்கு நாயைக் கொண்டு போனவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்போது தெஹிவளையில் வாடகைக்கு இருந்தது. இரண்டு இரவுகள் அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் பின்னறையில் ஒளிந்திருந்தார்கள். பிறகு முகாம், பிறகு கப்பல். நாய் எரிந்த வீட்டின் வாசலிலேயே கிடந்தது. சோறு வைத்தது அதே அயல் வீடு. இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய குடும்பத் தலைவர், போய்ப் பார்த்தார். நாய் மதிலுக்கு அந்தப் பக்கம் குடிபோயிருந்தது. அதன் பெயரும் மாறியிருந்தது. ‘டைகர்’ என்று இவர்கள் வைத்த பெயரை அந்தக் காலத்தில் தெருவில் நின்று கூவி அழைக்க யாருக்குத்தான் துணிவு வரும்? அவர்கள் அதைக் ‘கலு’ என்று அழைத்தார்கள், கறுப்பு நாய். பழைய எசமானைக் கண்டதும் அது ஓடி வந்தது. அவர் தடவிக் கொடுத்துவிட்டுத் தனியாகவே திரும்பினார். அவருக்கு அப்போது கிடைத்திருந்தது ஓர் அறை, அதுவும் மூன்றாம் மாடியில்.

நாட்டில் நிகழ்ந்த எல்லாப் பெரிய இடப்பெயர்வுகளிலும் இதுவே நடந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது ஆடும் கோழியும் வீட்டிலேயே நின்றன. சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995இல் அதே திகதியில், வலிகாம மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் கடந்தபோது, மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டுப் போனவர்களும் நாயைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்களும் எத்தனையோ பேர். அங்கிருந்து வவுனியா வழியாகக் கொழும்பு வந்தவர்களுக்கு ‘பாஸ்’ தேவைப்பட்டது. நாய்க்குப் பாஸ் கொடுக்கும் வழக்கம் எந்தத் தரப்பிடமும் இருக்கவில்லை. உலகத்துக்கும் இது பிந்தியே உறைத்தது. 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது, வளர்ப்பு விலங்கை விட்டு வர மறுத்துப் பலர் நியூ ஓர்லியன்ஸில் தங்கிவிட்டனர். அதன் பின்னரே, 2006இல், வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் கணக்கிலெடுக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது.

போர்க்காலக் கொழும்பில் பாதுகாப்பு என்பது ஆட்களின் செறிவாயிற்று. லொட்ஜுகள் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் நிரம்பின. வெள்ளவத்தையில் பழைய வளவுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணமும் அதில் சேர்ந்தது. ஒரு வளவில் ஒரு குடும்பமும் ஒரு நாயும் இருந்த இடத்தில் இருபது குடும்பங்கள் வந்தன. நாய்க்குத்தான் இடமில்லை. தொடர்மாடி நிர்வாகக் குழுக்கள் அநேகமானவை நாயை விலக்கின. மின்தூக்கியில் நாயோடு நிற்கப் பயப்படுகிறவர்களின் நியாயமும் நியாயம்தான். இருபது தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே நாயின்றி இருப்பதா, முற்றமும் நாயுமாக எல்லைக்கு அப்பால் தனித்திருப்பதா? தெஹிவளைக்குப் போனவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தவர்கள். வாடகைக் குறைவும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

தனித்திருப்பதற்கு ஒரு விலை இருந்தது. ஊரில் இரவில் நாய்கள் தொடராகக் குரைத்தால் ரோந்து வருகிறது என்று மக்கள் அறிந்துகொள்வார்கள். அங்கே நாய் முன்னறிவிப்பு. கொழும்பில் நள்ளிரவுச் சுற்றிவளைப்பின்போது கதவைத் தட்டுபவர் மீது நாய் பாய்ந்தால் விளைவு வேறு. அடையாள அட்டைகளோடும் பொலிஸ் பதிவுத் துண்டோடும் நாய்ச் சங்கிலியையும் கதவோரம் தொங்கவிட்டிருந்த வீடுகள் உண்டு. 1996 ஜூலை 24ஆம் திகதி தெஹிவளை ரயில் நிலையத்தில் குண்டுகள் வெடித்து 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். வேலை முடிந்து வீடு திரும்பிய சாதாரண மக்கள். 2008 பெப்ரவரி 3ஆம் திகதி, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், மிருகக்காட்சிச்சாலையிலும் குண்டு வெடித்தது. ஒவ்வொன்றின் பின்னும் ஒழுங்கைகளில் தேடுதல் நடந்தது. அப்போது “இவர்களை எங்களுக்குத் தெரியும்” என்று சொல்ல ஓர் அயலவர் தேவைப்பட்டார். அந்த அறிமுகம் எப்படி உண்டாயிற்று என்று விசாரித்தால் பல வீடுகளில் பதில் வேடிக்கையாக இருக்கும். மொழி தெரியாத மாமியாரும் அடுத்த வீட்டு அம்மையாரும் மதிலுக்கு மேலாகப் பேசத் தொடங்கியது நாயைப் பற்றித்தான். ஊருக்குப் போகும் நாட்களில் சோறு வைக்க ஆள் வேண்டும் அல்லவா? முஸ்லிம் அயலவர் பலர் மார்க்கக் காரணத்தால் நாயைத் தொடமாட்டார்கள். ஆனால் படலைக்கு வெளியே இறைச்சி மிச்சத்தை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துப் போனவர்களை நான் அறிவேன். ஓர் அயல் பாதுகாப்பானதா என்பதை அறிய, நாய்க்குச் சோறு வைக்க அங்கே யாரிடம் கேட்கலாம் என்று பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியவில்லை.

பதிவு என்ற விடயத்தையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் விசர்நாய்க்கடிச் சட்டம் 1893இலும் நாய்களைப் பதியும் சட்டம் 1901இலும் வந்தவை. வளர்ப்பு நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும்; பதியாமல் தெருவில் திரிந்தால் பிடிப்பார்கள். கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை நிறுத்தும்படி 2006இல் ஜனாதிபதியின் பணிப்புரை வந்தது. கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்றாயிற்று. நல்ல முடிவு. அடுத்த ஆண்டு, 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். கொழும்பில் தங்கியிருக்கத் தகுந்த காரணமில்லை என்பது சொல்லப்பட்ட விளக்கம். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அன்று அனுப்பப்பட்டவர்களில் பலர் பொலிஸில் முறைப்படி பதிந்தவர்கள்.

போர் 2009இல் முடிந்தது. தெஹிவளை அமைதியாயிற்று என்று எண்ணியிருக்கையில், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மிருகக்காட்சிச்சாலைக்கு அருகிலிருந்த சிறு விடுதியில் ஒரு குண்டுதாரி வெடித்துச் சிதறினான், இருவர் உயிரிழந்தனர். இம்முறை அடையாள அட்டைகளோடு வாசலில் நின்றவர்கள் அதே ஒழுங்கைகளின் முஸ்லிம் குடும்பங்கள். வீடு வாடகைக்குக் கேட்டவர்களிடம் பெயரைக் கேட்டுவிட்டு “ஆள் வந்துவிட்டது” என்று சொன்ன வீட்டுக்காரர்களில், முன்பு அதே பதிலைக் கேட்டுத் திரும்பிய தமிழரும் இருந்தனர்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் புறப்படுகிறவர்களின் திசை மாறியிருக்கிறது. இப்போது தெஹிவளையிலிருந்து லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும். நாயையும் கொண்டுபோகலாமா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. முன்பு பிரித்தானியாவில் ஆறு மாதத் தனிமைப்படுத்தல் இருந்தது. 2012இல் அது தளர்ந்தது. இலங்கையிலிருந்து போகும் நாய்க்கு இப்போது மைக்ரோசிப், விசர்நாய்த் தடுப்பூசி, முப்பது நாளுக்குப் பின் இரத்தப் பரிசோதனை, அதன் பின் மூன்று மாதக் காத்திருப்பு, பயணத்துக்கு முன் நாடாப்புழு மருந்து ஆகியன வேண்டும். விசா கைக்கு வந்த பிறகு தொடங்கினால் காலம் போதாது. விண்ணப்பம் போடும் நாளிலேயே நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்விட வேண்டும். அங்கே வாடகை வீடு எடுக்கும்போது நாய் இருப்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதும் நல்லது. அங்கும் தயங்கித்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.