கானான் நாடும் கரிசல் நாடும்



இறைவன் எங்கும் நிறைந்தவர். விண்ணும் மண்ணும் அவருடைய படைப்பே. அப்படியிருக்க, மனுக்குலத்தின் மீட்பு வரலாற்றை நடத்துவதற்கு, உலகப் படத்தில் ஒரு விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய சின்னஞ்சிறு நாடொன்றை அவர் ஏன் தெரிந்தெடுத்தார்? மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் கேட்கும் கேள்விதான் இது. ஆனால் பெரியவர்களும் சிந்திக்க வேண்டிய கேள்வி. இதற்கு வேதாகமம் தரும் விடை, ஆற்றுப் பாசனத்தில் வாழ்கிறவர்களைக் காட்டிலும், வானத்தைப் பார்த்துப் புஞ்சை உழுகிற நமக்கே எளிதில் விளங்கும் என்பது என் எண்ணம். ஆகவே இந்த யூபிலி மலரில் அதைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

நாட்டின் அமைப்பு

தாண் முதல் பெயெர்செபா வரை என்பது இஸ்ராயேல் நாட்டின் நீளத்தைக் குறிக்க வேதாகமம் வழங்கும் சொல்வழக்கு. அந்தத் தூரம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். மதுரையில் புறப்பட்டுக் கன்னியாகுமரி போய்ச் சேரும் தூரம்தான். மேற்கே மத்தியதரைக் கடல். கிழக்கே யோர்தான் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் பாலைவனமும். நடுவே முதுகெலும்பு போல ஒரு மலைத்தொடர். அதன்மேல் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் எருசலேம் அமைந்திருக்கிறது. அங்கிருந்து கிழக்கே இறங்கினால் சாக்கடல். அதன் கரை கடல் மட்டத்திற்கும் 430 மீட்டர் தாழ்ந்தது. பூமியின் நிலப்பரப்பில் அதைவிடத் தாழ்ந்த இடம் வேறில்லை.

கடலிலிருந்து வரும் மழை மேகங்கள் மலையின் மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்ந்துவிடும். எருசலேமில் ஆண்டுக்கு 550 மில்லிமீட்டர் அளவில் மழை உண்டு. அதற்குக் கிழக்கே, காகம் பறக்கும் தூரத்தில் பார்த்தால் 25 கிலோமீட்டர்கூட இல்லாத எரிகோவிலோ 150 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்யும். இது நமக்குப் புதிய செய்தி அல்ல. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் மலையாள நாட்டில் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் காற்றை மட்டும் நம் பக்கம் அனுப்பிவைப்பதை ஆனி, ஆடி மாதங்களில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நம் மாவட்டத்தின் சராசரி மழை 650 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கிடைப்பது. திருநாட்டிலும் மழைக்காலம் அக்டோபரில்தான் தொடங்குகிறது. அதைத்தான் வேதாகமம் முன்மாரி என்கிறது. பயிர் முற்றும் தறுவாயில், மார்ச், ஏப்ரலில் பெய்வது பின்மாரி. இரண்டில் எது பொய்த்தாலும் பஞ்சம்தான்.

லோத்துவின் கண்ணும் ஆபிரகாமின் காலும்

ஆதியாகமம் 13-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மேய்ச்சல் நிலம் போதாமல் ஆபிரகாமின் ஆட்களும் லோத்துவின் ஆட்களும் சண்டையிட்டுக்கொண்டபோது, விருப்பமான பக்கத்தை எடுத்துக்கொள்ளும்படி பெரியவர் இளையவனிடமே விட்டுவிடுகிறார். லோத்து கண்ணை ஏறெடுத்துப் பார்க்கிறான். நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளி எகிப்து நாட்டைப்போலச் செழித்துக் கிடக்கிறது. அதையே எடுத்துக்கொள்கிறான். தாமிரபரணிக் கரை நஞ்சையையும் விளாத்திகுளம் பக்கத்துப் புஞ்சையையும் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நாமும் அவன் செய்ததைத்தான் செய்வோம்! ஆபிரகாமுக்கு மிஞ்சியது மேட்டு நிலம். ஆனால் அந்த மேட்டில் நின்றபோதுதான் இறைவன் அவரை நாற்றிசையும் பார்க்கச் சொன்னார், நெடுகிலும் குறுக்கிலும் நடந்து வரச் சொன்னார், வாக்குறுதியையும் தந்தார்.

அந்த நாடு செழித்துக் குலுங்கியது என்று எண்ணிவிடவும் கூடாது. கானானில் கால் வைத்த சிறிது காலத்திலேயே பஞ்சம் வந்து, ஆபிரகாம் எகிப்துக்குப் பிழைக்கப் போனார். ஈசாக்கின் காலத்திலும் பஞ்சம். யாக்கோபின் காலத்திலும் பஞ்சம். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த அப்பத்தின் வீட்டிலேயே அப்பம் இல்லாமல்தான் நவோமியின் குடும்பம் மோவாபு நாட்டுக்குப் போனது. நம் மக்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் ரூத்து ஆகமத்தின் முதல் வரிகள் நினைவுக்கு வருகின்றன.

இறைவனின் நோக்கம்

இத்தகைய நாட்டை இறைவன் தெரிந்தெடுத்ததன் நோக்கங்கள் மூன்று என்று கூறலாம்.

முதலாவது, நம்பிக்கையைக் கற்பிக்க. இன்று நாம் இணைச்சட்டம் என்று அழைக்கும் உபாகமத்தின் 11-ம் அதிகாரத்தில் மோசே இதைத் தெளிவாகச் சொல்கிறார். எகிப்தில் விதைத்தவர்கள் காய்கறித் தோட்டத்துக்கு இறைப்பதுபோல நைல் நதி நீரைக் காலால் பாய்ச்சிக்கொண்டார்கள். வரப்போகும் நாடோ வானத்து மழையைக் குடிக்கும் நாடு. இறைவனின் கண் ஆண்டின் தொடக்கமுதல் முடிவுவரை அதன்மேல் இருக்கிறது என்கிறார். நம் வழக்கில் சொன்னால், எகிப்து ஆற்றுப் பாசனம், கானான் மானாவாரி. நைல் ஆண்டுதோறும் தவறாமல் பெருகியதால், அதை ஆண்ட பார்வோன் தன்னையே கடவுள் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. மானாவாரிக்காரன் அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை. மழை வருமுன்னே புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறானே, அந்தப் புழுதி விதைப்பைவிடச் சிறந்த விசுவாசப் பாடம் உண்டா? எலியா இறைவாக்கினர் கர்மேல் மலையில் மழைக்காக மன்றாடியபோது, அவருடைய ஊழியன் ஏழாம் முறை போய்ப் பார்த்த பிறகே கடலிலிருந்து உள்ளங்கை அளவு மேகம் எழும்பிற்று. அங்கே மேற்குக் கடல். இங்கே நமக்குக் கிழக்குக் கடல். காத்திருக்கும் கண்கள் மட்டும் ஒன்றே.

இரண்டாவது, நற்செய்தி பரவ. எகிப்துக்கும் மெசபொத்தாமியாவுக்கும் இடையே பாலமாகக் கிடந்தது அந்த நாடு. வணிகச் சாத்துகளும் படைகளும் அவ்வழியேதான் போய் வந்தன. அதனால் அம்மக்கள் அடிபட்டார்கள், நாடுகடத்தப்பட்டார்கள். ஆனால் அங்கே சொல்லப்பட்ட வார்த்தை மூலையில் முடங்கவில்லை. பெந்தகோஸ்தே நாளில் எருசலேமில் எத்தனை நாட்டவர் கூடியிருந்தார்கள் என்பதை அப்போஸ்தலர் பணி 2-ம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். காசாவுக்குப் போகும் சாலையில் தேரில் சென்ற எத்தியோப்பிய அதிகாரி திருமுழுக்குப் பெற்றதும் அதே வழிப்போக்கில்தான்.

மூன்றாவது, சிறியவர்களை உயர்த்த. எண்ணிக்கையில் பெரியவர்கள் என்பதால் இறைவன் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை என்று மோசே மக்களுக்கு நினைவூட்டுகிறார். நம் ஆண்டவர் வளர்ந்த நாசரேத்து ஊரின் பெயர் பழைய ஏற்பாட்டில் ஓரிடத்தில்கூட இல்லை. அவ்வூரிலிருந்து நல்லது எதுவும் வரக்கூடுமோ என்று நத்தானியேல் கேட்டார். அந்த ஊரில் வளர்ந்தவர்தான் விதைப்பவனையும் பாறை நிலத்தையும் முட்செடிகளையும் பற்றிப் பேசினார்; மேற்கே மேகம் எழும்பினால் மழை, தெற்கிலிருந்து காற்றடித்தால் வெக்கை என்று வானத்தின் குறியைச் சொன்னார். அவர் பேச்சில் ஒரு சம்சாரியின் பேச்சு வாடை வீசுகிறது.

நம் மண்ணுக்கு வந்த வழி

குளத்தூருக்குக் கிழக்கே இருக்கும் வைப்பாறும் வேம்பாரும் முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளுள் சேர்த்து எண்ணப்பட்டவை. 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் அக்கரையோர மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-ல் புனித சவேரியார் அங்கு வந்து அவர்களை விசுவாசத்தில் ஊன்றினார். உள்நாட்டிலோ, 1606-ல் தத்துவபோதகர் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து மற்றொரு ஓடை பெருகிற்று. அந்த மதுரை மறைப்பணித்தளத்தின் வழியாய்க் கரிசல் காட்டில் வேரூன்றிய பழைய விசுவாச மையம், கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி. அங்கே பரலோக மாதாவின் திருநாளுக்கு ஆகஸ்டு 15-ம் நாள் கூடும் கூட்டத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

அந்தக் காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்தவர்தான் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் 1680-ல் பிறந்து, 1710-ல் இந்தியா வந்தவர். புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 1726-ல் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை இயற்றினார். மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் கொண்டது அது. அதன் முதல் படலம் நாட்டுப் படலம். அடுத்தது நகரப் படலம். யூதேயா நாட்டையும் எருசலேம் நகரையும் தமிழ்க் காப்பிய மரபுப்படி, நீர் பாய்ந்து வயல் விளையும் மருத நிலமாகவே வர்ணிக்கிறார். திருநாட்டைத் தமிழருக்குச் சொந்த நாடாக்கிக் காட்டும் பேரன்பு அது. கவிஞரின் உரிமையும் கூட. ஆனால் உண்மையான யூதேயா, அவர் பாடிய மருத நிலத்தைவிட அவர் நடந்த கரிசல் காட்டுக்கே நெருங்கிய உறவு. பாட்டில் அவர் நம் ஊருக்குக் கொண்டுவந்த நாடு, மண்ணில் ஏற்கெனவே நமக்குப் பக்கத்து வீடாகத்தான் இருந்தது!

உரிமை அல்ல, ஊழியம்

தெரிந்தெடுப்பு என்பதைப் பெருமை பேசுவதற்கான பட்டயமாக எடுத்துக்கொள்ளலாகாது. ஆபிரகாமுக்குத் தரப்பட்ட ஆசி மண்ணுலகின் எல்லா இனத்தாருக்கும் ஆனது. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர், இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல, ஆவியிலும் உண்மையிலும் தந்தையைத் தொழும் காலம் வருகிறது என்றார். ஒரு மண் புனிதமாவது அங்கே அன்பு செய்யப்படுவதனால்தான். 2023 அக்டோபரில் மூண்ட போரில் அந்தத் திருநாட்டு மண் எவ்வளவு இரத்தம் குடித்தது என்பதை அறிவோம். அடைக்கலம் தேடியவர்கள் தங்கியிருந்த காசா திருக்குடும்ப ஆலயமும் 2025 ஜூலையில் தாக்குதலுக்கு உள்ளாகி உயிர்கள் பலியாயின. இறைவன் தெரிந்துகொண்ட நாட்டையும் மனிதன் பாழாக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நமக்கும் இதில் பாடம் உண்டு. யூபிலி என்னும் சொல்லே மண்ணோடு பிறந்த சொல். லேவியராகமம் 25-ம் அதிகாரத்தின்படி ஐம்பதாம் ஆண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதி, விற்றுப்போன நிலத்தை உரியவனிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். நிலம் என்னுடையது, நீங்கள் அதில் குடியிருப்பவர்களே என்பது அங்கே இறைவன் சொல்லும் காரணம். யூபிலி ஆண்டில் கொடியேற்றி, தேர் இழுத்து, விருந்துண்டு கலைந்துவிட்டால் யூபிலியின் பாதியைத்தான் கொண்டாடியவர்கள் ஆவோம்.

"இது கடவுள் கைவிட்ட சீமை சாமி" என்று நம்மவர்கள் சலித்துக்கொள்ளும்போது என் மனம் வருந்தும். கைவிட்டவர் அவரா, நாமா? முன்னோர் வெட்டிய ஊருணிகள் தூர்ந்து கிடக்கின்றன. கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விளைந்த புஞ்சைகளை வேலிக்கருவை மூடிக்கொண்டு வருகிறது. குளத்தூர் என்று பெயரிலேயே குளத்தை வைத்திருக்கும் நாம், வருகிற தண்ணீருக்கு வழிவிட வேண்டாமா? உடைந்த தொட்டிகளைப்பற்றி எரேமியா சொன்னது ஆன்மாவுக்கான பாடம், ஊருணிக்கும் பொருந்தும். ஆகவே இந்த யூபிலி ஆண்டில் அன்பியங்களும், வின்சென்ட் தே பவுல் சபையும், இளையோர் இயக்கமும் மற்றச் சமயச் சகோதரர்களோடு கைகோத்து, புரட்டாசி பிறக்குமுன் ஓர் ஊருணியையாவது தூர் வாரிக் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பிழைக்கப் போன பிள்ளைகள் புஞ்சையை விற்குமுன் பெற்றவர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும். நவோமி பெத்லகேமுக்குத் திரும்பி வந்தது வாற்கோதுமை அறுவடைக் காலத்தில். அவள் திரும்பி வர அங்கே ஒரு வயல் இருந்தது. அந்த வயலிலிருந்துதான் தாவீதின் வம்சம் தழைத்தது. அந்த வம்சத்தில்தான் நம் ஆண்டவர் பிறந்தார்.

வானத்து மழையை நம்பி வாழும் இந்த மண்ணையும் மக்களையும் இறைவனின் கண் ஆண்டு முழுவதும் காக்க, தேவ அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
பங்குத்தந்தை