கோணமலைக் கடலும் கலைவாழ்வின் தொடக்கமும்

கலைஞன் ஒருவன் தன் தொழில்வாழ்வை எவ்வாறு தொடங்குகின்றான் என்னும் வினாவுக்குத் ‘திறமையினால்’ என்று விடையிறுத்தல் எளிது. ஆயின் வரலாறு அவ்விடையை முழுமையாக ஏற்பதில்லை. திறமை எவ்வூரிலும் பிறக்கும். அதற்குப் பயிற்சியளிக்கும் நிலையம், பொருளுதவும் புரவலர், கருவி, கேட்பதற்கும் பார்ப்பதற்கும் உரிய மக்கள் ஆகிய நான்கும் ஓரிடத்தில் ஒருங்கு கூடும்போதுதான் அது தொழிலாகின்றது. இவ்வுண்மையைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் வரலாற்றைப்போல் தெளிவாகக் காட்டும் பிறிதோரிடம் ஈழத்தில் அரிது.

முற்காலத்தில் இந்நான்கையும் தன்னகத்தே கொண்டிருந்தது கோயில். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தராற் பாடப்பெற்ற கோணேசர் ஆலயம், வழிபாட்டிடமாக விளங்கியதோடு ஆடல், பாடல், வாத்தியம் ஆகியவற்றுக்குப் புகலிடமாகவும் விளங்கிற்று. கோயிற்பணிகளை வகுத்துரைக்கும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், யார் யார் எத்தொண்டு புரிதல் வேண்டும் என்ற முறையைப் பேசுகின்றது. அந்த ஒழுங்கில் கலைஞன் தன் தொழிலைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பிறப்போடு தொழிலும் மானியமும் அமைந்திருந்தன. அதனால் வாழ்வுக்கு உறுதி கிடைத்தது. ஆயின் குடிப்பிறப்பு இல்லாதவனுக்கு அவ்வாயில் திறக்கவில்லை என்பதும் மறுக்கவொண்ணாதது.

1622 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அவ்வாலயத்தை இடித்தழித்தான். கற்களில் ஒரு பகுதி, இன்று பிரட்றிக் கோட்டை என வழங்கும் அரணைக் கட்டுதற்குப் பயன்பட்டது. கோட்டை வாயிலிற் காணப்படும் இணைக்கயற் பொறிப்பு அதற்குச் சான்றாகும். மற்றொரு பகுதி சுவாமிமலையின் செங்குத்தான பாறையிலிருந்து கடலுள் வீழ்ந்தது. கோயில் வீழ்ந்தபோது அதனைச் சார்ந்திருந்த கலைஞர்க்குரிய நிலையமும் வீழ்ந்தது. பின்னர் வந்த மூன்று நூற்றாண்டுகளில் இத்துறைமுகத்தை ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரும் கைப்பற்றினர். அவர்கள் கட்டியவை கோட்டைகளும் கப்பற்றளங்களுமே. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 ஏப்பிரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசித் தாக்குமளவிற்கு இத்துறைமுகம் உலகக் கவனத்தைப் பெற்றிருந்தது.

அப்போரே, எதிர்பாராத வகையில், இலங்கைக் கலைஞர்க்குப் புதியதொரு நிலையத்தை அளித்தது. திருகோணமலை போன்ற தளங்களிலும் தென்கிழக்காசியக் களங்களிலும் நின்ற நேசநாட்டுப் படையினருக்காக நிறுவப்பட்ட சியாக் வானொலியின் ஆற்றல்மிக்க ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1925 இற் கொழும்பிலே தொடங்கிய சிறு ஒலிபரப்பு, இவ்வாறு கடல்கடந்தும் கேட்கப்படும் இலங்கை வானொலியாக வளர்ந்தது. 1950 இல் வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கியது. குடிப்பிறப்பைக் கேளாது குரலை மட்டும் கேட்கும் வாயில் ஒன்று இங்ஙனம் திறந்தது. ஆனால் அவ்வாயில் இருந்தது திருகோணமலையில் அன்று. ஏறத்தாழ 160 மைல் தொலைவிலிருந்த கொழும்பில்.

திரைப்படத்துறையின் நிலையும் இதுவே. 1947 இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது படமாக்கப்பட்டது மதுரையிலே. கலையகம் இல்லாத நாட்டின் நடிகர்கள் தம் தொழிலைத் தொடங்கக் கடல் கடந்தனர். பின்னர்க் கலையகங்கள் எழுந்தபோது அவை கொழும்பின் சுற்றுப்புறங்களிலேயே எழுந்தன. துறைமுக நகரின் இளைஞன் திரையரங்கிற் படம் பார்க்கலாம். படத்துள் நுழையும் வழி அவனூரில் இல்லை.

இந்நிலையில், 1956 ஆம் ஆண்டிலே, சுவாமிமலையடிக் கடலுள் இருவர் இறங்கினர். ஒருவர் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அறிவியற்புனைகதை ஆசிரியர் ஆதர் சி. கிளார்க். மற்றவர் மைக் வில்சன் என்னும் ஆங்கிலேய இளைஞர். சுழியோடியும் கடலடிப் படப்பிடிப்பாளருமாவர். ஈழத்துக் கடல்வாழ் உயிரினங்களை நன்கறிந்த றொட்னி ஜொங்கிளாஸ் அக்காலத்து இலங்கைக் கடல்களில் இவர்களுக்குத் துணை நின்றவர். பாறையடியிற் செதுக்கிய கற்றூண்களும் கட்டடச் சிதைவுகளும் கிடத்தலை அவர்கள் கண்டனர். 1957 இல் வெளிவந்த கிளார்க்கின் ‘தப்ரபேனின் பவளப்பாறைகள்’ என்னும் ஆங்கில நூல் இச்செய்தியை உலகறியச் செய்தது. கடலிலிருந்து வில்சன் மீட்ட இலிங்கம் கோணேசர் கோயிலிற் சேர்க்கப்பட்டது. நகரமக்களின் முயற்சியால் மீளக் கட்டப்பட்ட ஆலயத்திற்கு 1963 மார்ச்சு மாதத்திற் குடமுழுக்கு நிகழ்ந்தது.

வில்சனுக்கு அக்கடல் ஓர் ஆய்வுக்களமாக மட்டும் நின்றுவிடவில்லை. கடலடியிற் கமராவைக் கையாளும் திறமையை அவர் முழுநீளத் திரைப்படம் ஒன்றுக்கு மூலதனமாக்கினார். கோயிலோடு தொடர்புடைய கடலடிச் செல்வத்தை மையமாகக் கொண்ட ‘ரன்முத்து தூவ’ என்னும் சிங்களப்படம் 1962 ஓகத்து மாதத்தில் வெளிவந்தது. இலங்கையின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுவே. அதன் கடலடிக் காட்சிகள் திருகோணமலைக் கடலிலே எடுக்கப்பட்டவை. கிளார்க் பொருளுதவி புரிந்தார். சேஷா பலிஹக்கார தயாரித்தார். மக்கள் பெருந்திரளாகக் கண்டு களித்தனர். வில்சனின் முதல் முழுநீளப்படம் பெருவெற்றி ஈட்டிற்று.

இவ்வெற்றியைத் தனியொருவரின் துணிவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. படத்தின் நாயகர் காமினி பொன்சேகா, 1956 இல் வெளிவந்த லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிசின் ‘ரேகாவ’வில் உதவியாளராகப் பணிபுரிந்து, படத்தொழிலின் அடிப்படியிலிருந்து ஏறிவந்தவர். இசையமைத்தவர் அமரதேவ, வானொலியிலும் வட இந்தியாவிலும் பயின்று தேர்ந்தவர். பின்னணிப் பாடகியாக இப்படத்தில் அறிமுகமான நந்தா மாலினி, வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியிற் பாடிப் பழகிய இளங்குரல். நாரத திசாசேகரவுடன் அவர் பாடிய பாடல் அவருக்கு விருதையும் நீண்ட இசைவாழ்வையும் தேடித்தந்தது. ஆக, பயிற்சி வானொலியிலும் கலையகத்திலும் முன்னரே நிகழ்ந்திருந்தது; பொருள் கிடைத்தது; கருவி கிடைத்தது; பார்க்க மக்கள் இருந்தனர். முன்னர்க் கூறிய நான்கும் ஒருங்கு கூடின. அவை கூடிய களம் கோணமலைக் கடல்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. கதைக்கு மூலம் கோணேசர் கோயில். காட்சிக்குக் களம் அவ்வூர்க் கடல். ஆயினும் அப்படம் உயர்த்திய கலைஞர் பெயர்களுள் அவ்வூர்த் தமிழர் பெயரைத் தேடுவார்க்கு ஏமாற்றமே மிஞ்சும். இது எவருடைய வஞ்சனையாலும் நேர்ந்ததன்று. கலையகத் தொடர்பும் வானொலிப் பயிற்சியும் பெற்றவர்க்கே வாய்ப்பு வருதல் இயல்பு. அவை இரண்டும் இல்லாத ஊர், பிறர் கதைக்குப் பின்னணியாகவே அமைந்துவிடுகின்றது. படக்குழு திரும்பிச் சென்றபோது கடல் அங்கேயே கிடந்தது. ஊருக்கென்று ஒரு நிலையத்தை எவரும் விட்டுச்செல்லவில்லை.

ஆயினும் திருகோணமலையார் வாளாவிருந்தனர் எனல் பிழை. மெல்லிசை ஈழத்தில் தலையெடுத்த காலத்தில், பரமேஷ், கோணேஷ் என்னும் உடன்பிறந்தார் இருவர் அந்நகரிலிருந்து இசைக்குழுவொன்றை நடாத்திப் புகழ்பெற்றனர். எம். பி. பரமேஷ் ஈழத்துத் தமிழிசைத்தட்டு வெளியீட்டின் முன்னோடிகளுள் ஒருவர். மேடையிற் பாடும் பாட்டு அன்றோடு காற்றிற் கரையும். இசைத்தட்டிற் பதிந்த பாட்டு வானொலி வழியே நாடெங்கும் செல்லும். ஊரை விட்டுக் குடிபெயராமலே ஊருக்கப்பாற் கேட்கப்படும் வழியை இசைத்தட்டு காட்டியது. இதுவே அவர்கள் முயற்சியின் வரலாற்றுப் பெறுமதி.

அக்கால அரசியற் சூழலும் இவ்விளைஞர்க்குத் துணைபுரிந்தது. 1970 இல் ஆட்சிக்கு வந்த அரசு இந்தியப் படங்களினதும் சஞ்சிகைகளினதும் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றியது. தமிழகத்துப் படைப்புகளின் பெருவெள்ளம் சற்றே தணிந்தபோது உள்ளூர்ப் பயிர் தலைநிமிர்ந்தது. 1962 இல் ‘சமுதாயம்’ என்னும் படத்தோடு தொடங்கிய ஈழத்துத் தமிழ்த் திரைப்பட முயற்சி, எழுபதுகளில் முன்னிலும் வேகம் பெற்றது. 1978 இல் வெளிவந்த ‘தென்றலும் புயலும்’ என்னும் படத்தைத் தயாரித்தவர் திருகோணமலையைச் சேர்ந்த மருத்துவர் வேதநாயகம். கொழும்பின் பெருநிறுவனங்களைச் சாராத ஒருவர், மருத்துவத் தொழிலோடு திரைக்கலையையும் மேற்கொண்டமை அவ்வூரின் நெடுநாள் வேட்கையைக் காட்டுகின்றது.

ஆனால் அப்படம் வெளிவந்த காலம் சாதகமானதன்று. 1977 இற்குப் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. இந்தியப் படைப்புகளோடு போட்டியிட வேண்டிய நிலை மீண்டது. சில படங்களேனும் தொடர்ந்து எடுத்துப் பழகி நிலைபெறுதற்குரிய அவகாசம் ஈழத்துத் தமிழ்த்திரைக்குக் கிட்டவில்லை. 1983 யூலை வன்செயலின்போது, திரையுலகப் பெருவணிகர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலையகம் தீக்கிரையாயிற்று. அங்கிருந்த படங்களின் மூலச்சுருள்களும் எரிந்தன. சிங்களப் படங்களை இயக்கிவந்த கே. வெங்கட் அவ்வன்செயலிற் கொல்லப்பட்டார். கல்லாலாய கோயில் இடிந்தபோதும் கற்கள் கடலடியில் எஞ்சின. மூன்று நூற்றாண்டு கழித்துச் சுழியோடி கண்டெடுக்க முடிந்தது. எரிந்த படச்சுருளை எக்கடலுள் மூழ்கித் தேடுவது?

அதன்பின் வந்த போர்க்காலத்தில் கலைஞர் பலர் புலம்பெயர்ந்தனர். பரமேஷ் குடும்பம் ஜேர்மனியில் இசைப்பணியைத் தொடர்ந்தது. ஒருகாலத்திற் கொழும்பு செல்ல இரவுப் புகையிரதம் ஏறிய ஊர், பின்னர்க் கடல்கடந்து தொழில் தொடங்கும் நிலைக்கு வந்தது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகின்றது. வில்சனின் வெற்றிக்கும் திருகோணமலைத் தமிழ்க்கலைஞரின் இடர்ப்பாட்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு, திறமையின் வேறுபாடன்று, நிலையத்தின் வேறுபாடே. கோயில் ஒருகாலத்தில் அந்நிலையமாயிருந்தது; வானொலி பின்னர் அவ்வாறாயிற்று; கலையகம் சிலகாலம் முயன்றது. இன்று படக்கருவி கைக்கடக்கமாகிவிட்டது. பதிவுசெய்ய நெடுந்தூரம் செல்லவேண்டியதுமில்லை. ஆயினும் கருவி எளிதாய்க் கிடைத்தமையால் ஏனைய மூன்றும் தாமே வந்துவிடா. பயிற்றுவோரும் புரப்போரும், தம்மூர்க் கலைஞனின் முதற்படைப்பைப் பொறுமையோடு கேட்டு, அவன் இரண்டாவதைப் படைக்கும்வரை காத்திருக்கும் மக்களும் வேண்டும். மறைந்த கோயிலை மக்கள் தம் முயற்சியால் மீளக் கட்டிய ஊர் திருகோணமலை. கலைக்குரிய நிலையத்தையும் அவ்வாறே கட்டியெழுப்புதல் அதற்கு அரிய செயலன்று.