இதயநல உணவுமுறை

இதயநல உணவுமுறை என்பது மாரடைப்பு, பக்கவாதம் முதலிய இதய, குருதிக்குழாய் நோய்கள் வரும் வாய்ப்பைக் குறைக்கும் வகையில் அன்றாட உணவை அமைத்துக்கொள்ளும் முறையாகும். நோய் வந்த பின் சில நாட்கள் இருக்கும் பத்தியத்தினின்று இது வேறுபட்டது. இளமை முதல் வீடு முழுவதும் உண்ணும் வழக்கமான உணவையே இச்சொல் குறிக்கிறது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் 1 கோடியே 98 இலட்சம் பேர் இந்நோய்களால் இறந்தனர். இது அவ்வாண்டின் மொத்த இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும்.

தெற்காசியரும் மாரடைப்பும்

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, புகைப்பழக்கம், உயர் குருதியழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், காய்கனிகளைக் குறைவாக உண்ணுதல் உள்ளிட்ட ஒன்பது காரணிகளே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம் எனக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக 2007 இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. பிற நாட்டினருக்கு அது 59. இந்த ஆறு ஆண்டு வேறுபாடு சிறியதன்று. 53 வயது என்பது பல குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் முடியாத காலமாகும்.

இந்நோய்க்குக் கொழுப்பு மட்டுமே காரணம் என்னும் எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. முட்டையையும் இறைச்சியையும் விட்டுவிட்டால் இதயம் பிழைக்கும் என்று கருதி, தட்டு நிறைய வெள்ளைச் சோற்றை உண்போர் பலர். தமிழரைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. சென்னையில் நடந்த நகர்ப்புற, ஊரக நோய்ப்பரவல் ஆய்வில், மக்கள் உண்ணும் கலோரிகளில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியங்களிலிருந்து, குறிப்பாக வெள்ளை அரிசியிலிருந்து, கிடைப்பது தெரியவந்தது. தவிடு நீக்கிய மாவுச்சத்து விரைவில் சர்க்கரையாகிறது. மிகுதியான சர்க்கரையைக் கல்லீரல் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக மாற்றுகிறது. நன்மை தரும் எச்.டி.எல். கொலஸ்டிரால் குறைகிறது, வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது. எண்ணெயே தொடாதவருக்கும் குருதியில் கொழுப்பு மிகுதியாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

ஏலாக்குறிச்சி வட்டாரத்தில் உணவு மாற்றம்

அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் அமைந்த ஊர் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவரோடு தொடர்புடைய அடைக்கல மாதா திருத்தலத்தால் இவ்வூர் அறியப்படுகிறது. உணவைப் பற்றிப் பேசும்போது இவ்வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டாகும். ஏனெனில் இரு வேறு நிலங்கள் இங்கே அருகருகே உள்ளன. ஆற்றங்கரையிலும் புள்ளம்பாடி வாய்க்கால் பாசனத்திலும் நெல் விளைகிறது. வடக்கே செல்லச் செல்ல அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் மானாவாரி நிலங்கள் விரிகின்றன. வரகு, கம்பு, சோளம், நிலக்கடலை, எள் ஆகியன அந்நிலங்களின் மரபுப் பயிர்கள். வரகுச் சோறும் கம்பங்கூழும் சோளக்களியும் அங்கே அன்றாட உணவாக இருந்தன. நெல்லுச்சோறு பல வீடுகளில் விருந்துக்கும் விழாவுக்கும் உரியதாக இருந்தது.

இந்நிலை மாறியதற்குச் சுவை மட்டும் காரணமன்று. வரகின் உமி பல அடுக்குகளாகக் கடினமாக ஒட்டியிருக்கும். அதை நீக்க மண் பூசிய திரிகையில் அரைத்து, உரலில் குற்றி, முறத்தில் புடைத்து எடுக்க வேண்டும். இவ்வேலை முழுதும் பெண்களின் தோள்களிலேயே விழுந்தது. ஆலையில் தீட்டிய அரிசி எளிதாகக் கிடைத்தபோது திரிகை மூலைக்குச் சென்றதில் வியப்பில்லை. நியாயவிலைக் கடை அரிசி 2008 இல் கிலோ 1 ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் வழங்கப்பட்டது. பசியைப் போக்கியதில் இத்திட்டத்தின் பங்கு பெரிது; அதைக் குறை கூறுதல் எளிது, சரியன்று. எனினும், உடலுழைப்பு குறைந்து வந்த அதே காலத்தில் மூன்று வேளையும் அரிசியே உணவாயிற்று. இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் பேரளவில் விளையும் மக்காச்சோளமோ பெரும்பாலும் கோழித்தீவனமாகச் செல்கிறது; அடுக்களைக்கு வருவதில்லை. 2023 இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கப்பட்டது.

தானியமும் நார்ச்சத்தும்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 இல் வெளியிட்ட இந்திய உணவுக்கூறு அட்டவணையின்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. வரகில் இது 6 கிராமுக்கு மேலும், சோளத்தில் சுமார் 10 கிராமும், கம்பிலும் கேழ்வரகிலும் சுமார் 11 கிராமும் உள்ளது. நார்ச்சத்தில் கரையும் வகை, குடலில் பித்த அமிலங்களைப் பற்றி வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலத்தை மீண்டும் உண்டாக்கக் கல்லீரல் குருதியிலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்வதால், தீமை தரும் எல்.டி.எல். அளவு குறைகிறது. பருப்பு, அவரை, வெண்டைக்காய் ஆகியவற்றிலும் இந்நார் உண்டு.

சிறுதானியம் மருந்தன்று. மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி, அதே தானியத்தின் சோற்றை விட விரைவாகச் சர்க்கரையை உயர்த்தும். வெல்லமும் நெய்யும் சேர்த்த கம்பு உருண்டை, கம்பு என்பதற்காக இதயத்துக்கு நல்லதாகிவிடாது, வெல்லமும் சர்க்கரையே. தீட்டித் தீட்டி வெண்மையாக்கிய வரகரிசியும் கடைகளில் உண்டு. அதில் பயன் குறைவு. சோற்றின் அளவைக் குறைத்து, அவ்விடத்தைப் பருப்பாலும் காய்கறியாலும் நிரப்புவதே தானியத்தை மாற்றுவதை விட முதன்மையானது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உள்ளிட்ட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டை மற்றும் விதைகள் 35 கிராம் எனப் பரிந்துரைக்கிறது. முருங்கைக்கீரை, அகத்தி, சின்ன வெங்காயம், பூசணி, பீர்க்கு, கொய்யா போன்றவை இவ்வட்டாரத்திலேயே கிடைப்பவை. கொட்டை என்றவுடன் பாதாமைத் தேட வேண்டியதில்லை. அவித்த நிலக்கடலை போதும்.

உப்பு

உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. 2017-18 இல் நடந்த தேசிய ஆய்வின்படி இந்தியரின் சராசரி 8 கிராம். தமிழர் வீடுகளில் குழம்பில் போடும் உப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவற்றில் உள்ளது கணக்கில் வருவதில்லை. பழைய சோறு நல்ல உணவே. அதனுடன் ஊறுகாய்க்கு மாற்றாகச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாம். வடசீனச் சிற்றூர்களில் 20,995 பேரிடம் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வில், சமையல் உப்பில் கால்பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியபோது பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரக நோயாளிகளும் சிலவகைக் குருதியழுத்த மருந்துகளை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் இவ்வுப்பைப் பயன்படுத்துதல் ஆபத்தாகும்.

எண்ணெய்

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும், பாமாயிலில் பாதியளவும் நிறைவுற்ற கொழுப்பாகும்; இது எல்.டி.எல். அளவை உயர்த்துகிறது. கடலையெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இது ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. 'செக்கு எண்ணெய்' என்பதால் கலோரி குறைந்துவிடுவதில்லை. மேற்கண்ட வழிகாட்டுதலின்படி எவ்வெண்ணெயும் நாளொன்றுக்குச் சுமார் 27 கிராம் போதும்.

வனசுபதி போன்ற பகுதி ஐதரசனேற்றம் செய்த எண்ணெயில் இருந்த 'டிரான்ஸ்' கொழுப்பே எல்லாவற்றிலும் தீயது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதன் வரம்பை 2022 சனவரி முதல் 2 விழுக்காடாகக் குறைத்தது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும் தீய சேர்மங்கள் உண்டாகின்றன. கடைகளில் வடையும் பஜ்ஜியும் பொரித்துக் கறுத்த எண்ணெய் இவ்வகையைச் சேர்ந்தது.

மீன், முட்டை, பால்

மத்தி, அயிலை போன்ற மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. குழம்பு வைத்து உண்பது வறுப்பதை விட நன்று. உடல்நலமுள்ளோர் நாளொரு முட்டை உண்பதால் பெருந்தீங்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மோர் நல்லது; உப்பில்லாமல் குடித்தால் இன்னும் நல்லது.

உணவும் மருந்தும்

குருதியழுத்தம், நீரிழிவு, கொலஸ்டிரால் ஆகியவற்றுக்கு மருந்து உண்போர், உணவை மாற்றியதை நம்பித் தாமாக மருந்தை நிறுத்தலாகாது. பூண்டு, வெந்தயம் முதலியவற்றை உணவாகக் கொள்ளலாம். மாத்திரைக்கு அவை ஈடல்ல. நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் வாயுத்தொல்லை எனக் கருதிச் சுக்குக் கசாயம் வைத்துக் காத்திருப்பது உயிரைப் பறிக்கக்கூடும். 108 அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும். தமிழக அரசு 2023 சூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் தவணையைத் தந்து, பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது.